வாயில் படரும் பூஞ்சை: கொய்யா இலையும் கடுக்காயும் எதுவரை கைகொடுக்கும்?

நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தயிர்த் திப்பி போல வெள்ளையாகப் படிவதைக் கிராமங்களில் அக்கரம் என்பார்கள். வாய் எரியும். காரம் பட்டால் பொறுக்க முடியாது. சாப்பாட்டில் ருசியே தெரியாது. கைக்குழந்தைக்கும் வரும், பல்செட் வைத்திருக்கும் பாட்டிக்கும் வரும், சர்க்கரை நோய் உள்ளவருக்கும் வரும். இதற்குக் காரணம் கேண்டிடா என்னும் ஒரு பூஞ்சை.

இதற்குக் கைமருந்தாகச் சொல்லப்படும் கொய்யா இலை, கடுக்காய், மாதுளைத் தோல், தேங்காய் எண்ணெய் எல்லாம் நம் தோட்டத்திலும் அடுப்படியிலும் நாட்டுமருந்துக் கடையிலும் கிடைப்பவைதான். இவற்றுக்குப் பூஞ்சையை அடக்கும் தன்மை இருப்பது ஆய்வகச் சோதனைகளிலும் தெரிந்திருக்கிறது. ஆனாலும் எது எதுவரை உதவும், யாருக்குக் கொடுக்கக் கூடாது, எந்த வெள்ளைத் திட்டைக் கைமருந்து பார்த்துத் தள்ளிப்போடக் கூடாது என்பதைத் தெரிந்துகொண்ட பிறகே பயன்படுத்த வேண்டும்.

பயிரில் நோய் வருவது போலத்தான்

நெல்லில் குலைநோய் எப்படி வருகிறது? பூஞ்சை வித்து காற்றில் வந்து விழுந்தால் மட்டும் போதாது. தாங்காத ரகமாக இருக்க வேண்டும், யூரியா அதிகம் போட்டிருக்க வேண்டும், இரவுக் குளிரும் பனியும் இருக்க வேண்டும். எல்லாம் ஒன்றுசேரும்போதுதான் நோய் பரவுகிறது. யூரியாவைக் குறைக்காமல் மருந்தை மட்டும் தெளித்துக்கொண்டிருந்தால் நோய் மறுபடி வரும்.

வாயிலும் இதே கணக்குதான். ஆரோக்கியமாக இருப்பவர்களிலேயே ஏறக்குறைய பாதிப்பேர் வாயில் கேண்டிடா பூஞ்சை எந்தத் தொந்தரவும் செய்யாமல் இருக்கிறது. உமிழ்நீரும், வாயில் உள்ள நல்ல பாக்டீரியாக்களும், உடலின் எதிர்ப்புச் சக்தியும் அதைக் கட்டுக்குள் வைத்திருக்கின்றன. இவற்றில் ஒன்று தளர்ந்தால்தான் பூஞ்சை பெருகுகிறது. தளர்வதற்கு முக்கியக் காரணங்கள்:

• கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோய்
• இரவும் பகலும் கழற்றாமல் பல்செட் அணிவது
• ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலர் உறிஞ்சிவிட்டு வாய் கொப்பளிக்காமல் விடுவது
• ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளைத் தொடர்ந்து சாப்பிடுவது. இவை நல்ல பாக்டீரியாக்களையும் சேர்த்தே அழிக்கின்றன
• ஸ்டீராய்டு மாத்திரைகள், புற்றுநோய் சிகிச்சை
• ரத்தசோகை, சத்துக்குறைவு, வாய் வறட்சி, புகைப்பழக்கம்
• எச்.ஐ.வி. தொற்று

ஆகவே வாயில் பூஞ்சை வந்தால், "எந்த இலையை வைத்துக் கொப்பளிக்கலாம்?" என்று கேட்பதற்கு முன்னால், "இது எனக்கு ஏன் வந்தது?" என்று கேட்க வேண்டும். நல்ல நிலையில் உள்ள பெரியவருக்குக் காரணமே இல்லாமல் வாய்ப்பூஞ்சை வருவது குறைவு. தனக்குச் சர்க்கரை நோய் இருப்பதே தெரியாமல் இருப்பவருக்கு அது முதலில் வாயில் தெரிவதும் உண்டு.

முதலில் துடைத்துப் பாருங்கள்

சுத்தமான மெல்லிய துணியை விரலில் சுற்றிக்கொண்டு வெள்ளைப் படலத்தை மெதுவாகத் துடைத்துப் பாருங்கள். அழுத்தித் தேய்க்கக் கூடாது.

1. சுலபமாக வந்துவிட்டால், அடியில் நாக்கு வழக்கமான நிறத்தில் இருந்தால், அது பெரும்பாலும் பால் படிவு அல்லது உணவுப் படிவு.

2. சற்றுச் சிரமப்பட்டு உரிந்து வந்து, அடியில் சிவந்து புண்போல் தெரிந்தால், லேசாக ரத்தம் கசிந்தால், அது பூஞ்சைத் தொற்றாக இருக்க வாய்ப்பு அதிகம்.

3. எவ்வளவு துடைத்தும் வராத வெள்ளைத் திட்டு என்றால் கவனம் தேவை. புகையிலை, பாக்கு, பான் மசாலா, பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர்களுக்குக் கன்னத்தின் உட்புறத்திலும் நாக்கின் ஓரத்திலும் இப்படி வரும். இது புற்றுநோய்க்கு முந்தைய நிலையாக இருக்கலாம். புகையிலை சேர்க்காமல் வெறும் பாக்கு மெல்வதுகூடப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. இந்தத் திட்டுக்குக் கைமருந்து பார்த்து ஒரு மாதத்தைக்கூட வீணாக்கக் கூடாது.

பூஞ்சை எப்போதும் வெள்ளையாகத்தான் இருக்கும் என்றும் இல்லை. பல்செட் அணிபவர்களுக்கு மேல் அண்ணத்தில், பல்செட் படும் இடம் முழுவதும் சிவந்து காணப்படும். சிலருக்கு வாயின் இரண்டு ஓரங்களிலும் வெடிப்பு வரும். இந்த வெடிப்பு இரும்புச்சத்து, பி வைட்டமின் குறைவாலும் வரலாம்.

செடிகளுக்கு இந்தச் சக்தி எங்கிருந்து வந்தது?

செடியால் ஓட முடியாது. மண்ணிலும் காற்றிலும் உள்ள பூஞ்சைகளிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ள அது சில பொருள்களைத் தானே தயாரிக்கிறது. அவற்றைத்தான் நாம் மருந்தாக எடுத்துக்கொள்கிறோம்.

துவர்ப்புச் சத்து: கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய், மாதுளைத் தோல், கொய்யா இலை, மாசிக்காய் ஆகியவற்றில் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் உள்ளது. இது புண்ணான சவ்வைச் சுருக்கி, கசிவைக் குறைத்து, பூஞ்சை ஒட்டிக்கொள்வதைத் தடுக்க உதவுகிறது. மாசிக்காய் உண்மையில் காயே அல்ல. ஓக் மரத்தில் ஒருவகைக் குளவி முட்டையிடுவதால் உண்டாகும் கட்டி அது. நெல்லில் ஆனைக்கொம்பன் ஈ தாக்கினால் வெங்காய இலை போலக் குழல் உண்டாகிறது அல்லவா, அதைப் போல.

வாசனை எண்ணெய்கள்: கிராம்பில் யூஜினால், ஓமத்தில் தைமால், லவங்கப்பட்டையில் சின்னமால்டிஹைடு ஆகியவை உள்ளன. இவை பூஞ்சை செல்லின் மேலுறையைச் சிதைப்பவை.

கந்தகப் பொருள்: பூண்டை நசுக்கும்போது வரும் காரமான வாடைக்குக் காரணம் அல்லிசின். இதற்குப் பூஞ்சையைக் கொல்லும் தன்மை உண்டு. ஆனால் பூண்டை முழுதாக வேகவைத்தால் அல்லிசின் பெரும்பாலும் உண்டாவதே இல்லை.

கொழுப்பு அமிலங்கள்: தேங்காய் எண்ணெயில் உள்ள லாரிக், கேப்ரிக் அமிலங்கள் கேண்டிடாவை அழிப்பது ஆய்வகத்தில் காணப்பட்டிருக்கிறது.

நோயாளிகளிடம் செய்த சோதனைகளும் சில உண்டு. பல்செட் அணிந்ததால் வாயில் பூஞ்சை வந்தவர்களுக்கு மாதுளைத் தோல் சாற்றில் செய்த களிம்பைக் கொடுத்து, மைக்கோனசோல் என்னும் மருந்துடன் ஒப்பிட்ட ஆய்வு பிரேசிலில் 2003ல் வெளியானது. மாதுளைக் களிம்பு பலருக்குப் பலன் கொடுத்தது. ஆனாலும் மருந்து பெற்றவர்களில்தான் அதிகம் பேர் குணமடைந்தார்கள். ஈரானில் பூண்டுச் சாற்றை நிஸ்டாடின் மருந்துடன் ஒப்பிட்டபோதும் இரண்டிலுமே சிவப்பு குறைந்தது. மருந்தில் விரைவாகக் குறைந்தது. தென்னாப்பிரிக்காவில் எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்களிடம் எலுமிச்சைச் சாற்றையும் எலுமிச்சைப்புல் கஷாயத்தையும் சோதித்த சிறிய ஆய்வும் நம்பிக்கை தரும் முடிவைச் சொன்னது.

இவற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது: செடிச் சாறுகள் வெறும் நம்பிக்கை அல்ல, அவற்றில் சரக்கு இருக்கிறது. அதேசமயம் அவை மருந்துக்குத் துணைதான், மாற்று அல்ல. ஆய்வகத் தட்டில் சாறு பூஞ்சையின் மேல் நாள் முழுக்க இருக்கிறது. வாயில் ஊற்றினால் ஒரு நிமிடத்தில் உமிழ்நீர் கழுவிவிடுகிறது. தெளித்த உடனே மழை பிடித்துக்கொண்டால் மருந்து எவ்வளவு வேலை செய்யும் என்பது உங்களுக்குத் தெரியும். தவிர, பூஞ்சை நாக்கிலும் பல்செட்டிலும் பிசின் போன்ற ஒரு படலத்தைக் கட்டிக்கொண்டு அதற்குள் ஒளிந்துகொள்கிறது. அதற்குள் சாறு எளிதில் இறங்காது.

பெரியவர்கள் வீட்டில் செய்யக்கூடியவை

லேசான தொந்தரவு உள்ள பெரியவர்கள் கீழே உள்ளவற்றில் ஏதேனும் ஒன்றைச் செய்து பார்க்கலாம். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலக்க வேண்டாம்.

உப்பு நீர்: ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்பைக் கரைத்து, சாப்பிட்ட பிறகு ஒவ்வொரு முறையும் கொப்பளிக்கலாம். எளிமையானது. செலவில்லை.

கொய்யா இலைக் கஷாயம்: ஐந்தாறு இளம் இலைகளைக் கழுவிக் கிள்ளிப் போட்டு, இரண்டு டம்ளர் நீரை ஒரு டம்ளராகச் சுண்டவைத்து வடிகட்டவும். நன்றாக ஆறியதும் வாயில் ஒரு நிமிடம் வைத்திருந்து கொப்பளித்துத் துப்பவும். காலை, இரவு என இருமுறை போதும்.

கடுக்காய் அல்லது திரிபலா: ஒரு டீஸ்பூன் பொடியை ஒரு டம்ளர் நீரில் கொதிக்கவைத்து, துணியில் வடிகட்டிக் கொப்பளிக்கலாம். கடுக்காயில் கொட்டையை நீக்கிவிட்டுத் தோலை மட்டும் பயன்படுத்த வேண்டும்.

மாதுளைத் தோல்: ஒரு பழத்தின் கால் பங்குத் தோலை இதேபோல் கொதிக்கவைத்து வடிகட்டிக் கொப்பளிக்கலாம்.

தேங்காய் எண்ணெய்: ஒரு டீஸ்பூன் செக்கு எண்ணெயை வாயில் ஐந்து நிமிடம் அலசித் துப்பலாம். விழுங்கக் கூடாது. இருமலோ விழுங்கச் சிரமமோ உள்ள முதியவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும்.

மூன்று விஷயங்களை மறக்க வேண்டாம். கஷாயத்தை அன்றன்றைக்குப் புதிதாக வைக்க வேண்டும். நேற்று வைத்ததில் பூஞ்சை பிடித்துவிடும். தேன், வெல்லம், சர்க்கரை சேர்க்கக் கூடாது. இனிப்பு கேண்டிடாவுக்குத் தீனி. கொப்பளித்த பிறகு அரைமணி நேரம் எதுவும் சாப்பிடாமல் இருந்தால் சாறு சற்று நேரம் வாயில் தங்கும்.

கூடவே காரணத்தையும் சரிசெய்யுங்கள். பல்செட்டை இரவில் கழற்றி, பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவி, சுத்தமான நீரில் போட்டுவைக்கவும். இன்ஹேலர் உறிஞ்சியதும் வாயைக் கொப்பளித்துத் துப்பவும். பழைய டூத் பிரஷ்ஷைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக மாற்றவும். வாய் புண்ணாக இருக்கும் நாட்களில் வேப்பங்குச்சி, ஆலங்குச்சி வேண்டாம். நார் கீறி எரிச்சலைக் கூட்டும். மணத்தக்காளிக் கீரை நல்ல உணவு, தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் பூஞ்சைக்கு அது ஒன்றே போதும் என்று இருந்துவிடக் கூடாது.

இலை பறிக்கும் முன்

இது விவசாயிகளுக்கே உரிய எச்சரிக்கை. மருந்து தெளித்த தோட்டத்து இலையை வாயில் வைக்கக் கூடாது. கொய்யாவிலும் மாதுளையிலும் பூச்சிக்கும் நோய்க்கும் பலமுறை மருந்து அடிக்கிறோம். பழத்தை உரித்துத் தின்கிறோம். கஷாயத்துக்கோ இலையையும் தோலையும்தான் கொதிக்கவைக்கிறோம். மருந்து படிவது அங்கேதான். மேல்படும் மருந்து கழுவினால் ஓரளவு போகும், ஊடுருவிப் பாயும் மருந்து கழுவினால் போகாது. வீட்டுக் கொல்லையில் மருந்தே படாத மரம் ஒன்று இருந்தால் அதில் பறியுங்கள். பக்கத்து வயலில் தெளிக்கும்போது காற்றில் வரும் சாரல் படும் வரப்பு மரங்களும் வேண்டாம். அப்படி மரம் கிடைக்காவிட்டால் உப்பு நீரே போதும்.

வாயில் வைக்கக் கூடாதவை

வேப்பெண்ணெய்: குழந்தைகளுக்கு ஒரு சொட்டுகூடக் கொடுக்கக் கூடாது. 1980களின் தொடக்கத்தில் மலேசியாவில் வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட குழந்தைகளுக்கு வாந்தி, வலிப்பு, மயக்கம் வந்து, மூளையும் கல்லீரலும் பாதிக்கப்பட்டது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. பயிருக்குத் தெளிக்க வாங்கிவைத்திருக்கும் வேப்பெண்ணெயிலும் வேம்பு சார்ந்த பூச்சிமருந்திலும் வேறு கலவைகளும் சேர்ந்திருக்கும். அதைப் பெரியவர்களும் வாயில் வைக்கக் கூடாது.

செடிப் பால்: எருக்கு, கள்ளி, காட்டாமணக்கு போன்றவற்றின் பாலை நாக்கில் தடவும் வழக்கம் சில இடங்களில் உண்டு. சவ்வை வெந்துபோகச் செய்யும். தடவவே கூடாது.

பச்சைப் பூண்டு விழுது, கலக்காத கிராம்பு எண்ணெய்: புண்ணின் மேல் வைத்தால் தீக்காயம் போல ஆகிவிடும். பூண்டை உணவில் சேர்த்துக்கொள்வதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பயிருக்கான பூஞ்சாணக்கொல்லி: "அதுவும் பூஞ்சைதானே" என்று யாரும் விளையாட்டுக்குக்கூட முயலக் கூடாது. உயிருக்கே ஆபத்து.

கைக்குழந்தைக்கு வந்தால்

ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேனில் குழைத்த மாசிக்காய், வசம்பு போன்ற எதையும் நாக்கில் தடவ வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் விஷத்தை உண்டாக்கலாம். வசம்பில் உள்ள அசரோன் என்னும் பொருள் பற்றிய அச்சத்தால் அமெரிக்கா 1968லேயே அதை உணவில் சேர்க்கத் தடை விதித்துவிட்டது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர வேறெதுவும், தண்ணீர்கூட, தேவையில்லை.

அக்கரம் வந்த குழந்தை பால் குடிக்க மறுக்கும், அழும். தாயின் மார்புக் காம்பிலும் எரிச்சல், சிவப்பு இருக்கலாம். அப்படி இருந்தால் தாய்க்கும் குழந்தைக்கும் சேர்த்தே மருந்து போட வேண்டும். ஒருவருக்கு மட்டும் போட்டால் மாறிமாறித் தொற்றிக்கொண்டே இருக்கும். புட்டிப்பால் கொடுப்பவர்கள் ரப்பரை ஒவ்வொரு முறையும் கொதிநீரில் போட்டு எடுக்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தத் தேவையில்லை.

மருத்துவர் தரும் மருந்து

வாய்ப்பூஞ்சைக்குப் பெரும்பாலும் நிஸ்டாடின் சொட்டு மருந்தோ, குளோட்ரிமசோல் பூச்சு மருந்தோ தருவார்கள். பொதுவாக 7 முதல் 14 நாள் வரை போட வேண்டியிருக்கும். நிஸ்டாடினுக்கும் விவசாயத்துக்கும் ஒரு உறவு உண்டு. அமெரிக்காவில் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இரண்டு பெண் விஞ்ஞானிகள், வர்ஜீனியாவில் ஒரு பண்ணையிலிருந்து எடுத்த மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிரியிலிருந்து அதைப் பிரித்தெடுத்து 1950ல் அறிவித்தார்கள். செடியிலிருந்து வருவது மட்டும்தான் இயற்கை, மருந்துக்கடையில் இருப்பதெல்லாம் ரசாயனம் என்று நினைக்க வேண்டியதில்லை. இதுவும் மண் கொடுத்த மருந்துதான்.

தொற்று கடுமையாக இருந்தால் புளுகோனசோல் மாத்திரை தருவார்கள். நாம் பயிருக்குத் தெளிக்கும் ஹெக்சகோனசோல், புரோபிகோனசோல், டெபுகோனசோல் எல்லாம் இதே குடும்பம். எல்லாமே பூஞ்சையின் மேலுறைக்குத் தேவையான ஒரு கொழுப்புப் பொருள் உண்டாவதைத் தடுத்துத்தான் வேலை செய்கின்றன. ஒரே மருந்தைக் குறைந்த அளவில் திரும்பத் திரும்ப அடித்தால் வயலில் பூஞ்சை பழகிப்போவது போலவே, மாத்திரையைப் பாதியில் நிறுத்தி நிறுத்திச் சாப்பிட்டால் உடலிலும் பழகிப்போகும். எரிச்சல் அடங்கிவிட்டது என்று மூன்றாம் நாளே நிறுத்தாதீர்கள். இந்த மாத்திரையை மருந்துக்கடையில் நீங்களே கேட்டு வாங்கவும் கூடாது. சில சர்க்கரை மாத்திரைகளுடன் சேர்ந்தால் ரத்தச் சர்க்கரையைத் திடீரென இறக்கிவிடும். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையுடன் சேர்ந்தால் ரத்தக்கசிவு வரலாம்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

வீட்டு வைத்தியத்துக்கு ஒரு வாரம் கெடு வையுங்கள். அதற்குள் குறையாவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள். சித்த மருத்துவப் பிரிவு உள்ள நிலையங்களில் சித்த மருத்துவரையும் கேட்கலாம். கீழ்க்கண்டவர்கள் அந்த ஒரு வாரமும் காத்திருக்காமல் உடனே செல்ல வேண்டும்:

• விழுங்கும்போது வலி, நெஞ்சில் அடைப்பது போன்ற உணர்வு உள்ளவர்கள். பூஞ்சை உணவுக்குழாய்க்கு இறங்கியிருக்கலாம்
• காய்ச்சல், எடை குறைவு உள்ளவர்கள்
• சர்க்கரை நோயாளிகள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், நீண்டநாள் ஸ்டீராய்டு எடுப்பவர்கள்
• பால் குடிக்க மறுக்கும் கைக்குழந்தை
• துடைத்தும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வாய் முழுதாகத் திறக்க முடியாமை உள்ளவர்கள்

வாய்ப்பூஞ்சை அடிக்கடி திரும்பி வந்தால் ரத்தச் சர்க்கரையைச் சோதித்துக்கொள்ளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டணமில்லை. 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஊருக்கு வரும் பணியாளர்களிடமும் கேட்கலாம். மருத்துவர் எச்.ஐ.வி. சோதனை எழுதினால் தயங்க வேண்டாம். அரசு மருத்துவமனை நம்பிக்கை மையங்களில் இலவசமாகவும் ரகசியமாகவும் செய்வார்கள். சிகிச்சையும் இலவசம்.

பயிரில் ஒரு இலை பழுத்தால் வேரைத் தோண்டிப் பார்க்கும் பழக்கம் நமக்கு உண்டு. வாய்க்கும் அதையே செய்யுங்கள். கொய்யா இலைக் கஷாயம் எரிச்சலைத் தணிக்கட்டும். ஆனால் வெள்ளை மறைந்த பிறகும், அது ஏன் வந்தது என்ற கேள்விக்குப் பதில் தெரியாமல் விட்டுவிடாதீர்கள்.